மஞ்சள் மண்டிப் பட்டியலில் ஒன்றுவிட்டு ஒரு வரிக்கு நிறம்: புதிதாக வலைப்பக்கம் எழுதுகிறவர்களுக்கு

ஈரோட்டிலோ பெருந்துறையிலோ ஒரு மஞ்சள் மண்டிக்கு வலைப்பக்கம் செய்து கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அன்றைய வரத்து முழுக்க டேட்டாபேஸில் இருக்கிறது. லாட் எண், விவசாயியின் டோக்கன் எண், ஊர், விரலி மஞ்சளா கிழங்கு மஞ்சளா, எத்தனை மூட்டை, நிகர எடை, குவிண்டால் விலை, வாங்கிய வியாபாரி என்று எட்டுப் பத்தி. கொயரியை (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியை) ஓட்டினால் இருநூறு வரி வந்து விழுகிறது, எல்லாம் வெள்ளை வெளேரென்று. இடது ஓரத்தில் லாட் எண்ணைப் பிடித்துக்கொண்டு வலது ஓரத்து விலைக்குப் போய்ச் சேர்வதற்குள் கண் ஒரு வரி கீழே இறங்கிவிடும்.

“ஏனுங், எனக்கு மட்டும் குவிண்டாலுக்கு ஐந்நூறு கொறச்சலுங்களா?”

“அது உங்க லாட் இல்லீங்ண்ணா. அடுத்த லைனைப் பாக்கறீங்க.”

பட்டியல் திரையில் ஓடுகிற இடத்தில் இந்தப் பேச்சு நாள் முழுக்க நடக்கும். ஒரு வரி வெள்ளை, அடுத்த வரி லேசான நிறம் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தால் கொஞ்சம் அடங்கும். இது வலைப்பக்கம் வந்த பிறகு கண்டுபிடித்த சங்கதி இல்லை. பழைய கம்ப்யூட்டர் அறைகளில் ஓரத்தில் துளையிட்ட மடிப்புத் தாளில் பச்சைப் பட்டை அச்சடித்தே வரும். ஒரு பட்டைக்குள் இரண்டு மூன்று வரி அடங்கும். நாம் அதைத் திரையில் செய்யப்போகிறோம்.

ஒரு விஷயம் முன்கூட்டியே. கீழே வருகிற டேக் பெயர்களையும் விதிகளையும் உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். எடிட்டரில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். நிறுத்தற்குறியும் அடைப்புக்குறியும் இங்கே இருப்பது போலவே அங்கேயும் வரும்.

முதலில் அட்டவணை சரியாக இருக்கட்டும்

டேட்டாபேஸிலிருந்து வரிகளை எடுக்கும்போதே ஆர்டர் பை (வரிசைப்படுத்தும் கட்டளை) போட்டு எடுங்கள். அது இல்லாவிட்டால் எந்த வரிசையில் வரும் என்பதற்கு டேட்டாபேஸ் பொறுப்பேற்காது. இன்றைக்கு லாட் எண்ணின் வரிசையில் வந்தது என்பதற்காக நாளைக்கும் அப்படியே வரும் என்று நம்பக்கூடாது.

எடுத்ததை டேபிள் டேக்குக்குள் வைக்கிறோம். அதற்குள் இரண்டு பகுதி. தலைப்பு வரி டிஹெட்டுக்குள், லாட் வரிகள் எல்லாம் டிபாடிக்குள். ஒவ்வொரு வரியும் ஒரு டிஆர். தலைப்புக் கட்டம் டிஎச், சாதாரணக் கட்டம் டிடி. டிபாடி எதற்கு, நேராக டிஆரை எழுதினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நீங்கள் எழுதாவிட்டாலும் பிரவுசர் தானே ஒரு டிபாடியைச் செருகிக்கொள்ளும். அப்படிச் செருகினால் தலைப்பு வரியும் லாட் வரிகளோடு ஒன்றாகக் கணக்கில் சேர்ந்துவிடும். நாமே பிரித்து எழுதிவிடுவது நல்லது. கடைசியில் அச்செடுக்கும்போதும் இது உதவும்.

இரண்டு சில்லறை வேலை இந்த இடத்திலேயே. டேட்டாபேஸிலிருந்து வரும் எழுத்தை அப்படியே பக்கத்தில் கொட்டாதீர்கள். பிஎச்பி என்றால் எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் என்ற ஃபங்ஷன் வழியாக அனுப்புங்கள். யாராவது வியாபாரி பெயர்க் கட்டத்தில் விளையாட்டுக்கு ஒரு டேக்கை அடித்துவைத்தால் பக்கமே உடைந்துபோகும், அதைவிட மோசமானதும் நடக்கலாம். அப்புறம், மைஎஸ்கியூஎல் என்றால் டேபிளுக்கும் இணைப்புக்கும் யுடிஎஃப்8எம்பி4 வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கொடுமுடியும் அந்தியூரும் கேள்விக்குறிகளாக வந்து நிற்கலாம்.

ஒரே விதியில் நிறம்

சிஎஸ்எஸ் கோப்பில் (பக்கத்தின் நிறமும் அமைப்பும் எப்படி என்று சொல்லும் கோப்பு) இந்த விதியை எழுதுங்கள்:

டிபாடி டிஆர்:என்த்-சைல்ட்(ஈவன்) { பேக்கிரவுண்ட்-கலர்: ஆர்ஜிபி(255, 248, 225); }

அவ்வளவுதான். டிபாடிக்குள் இருக்கும் வரிகளை பிரவுசர் 1, 2, 3 என்று எண்ணி, இரட்டைப்படையில் விழுவதற்கெல்லாம் அந்த நிறத்தைக் கொடுக்கும். ஈவனுக்குப் பதில் ஆட் (ஒற்றைப்படை) போட்டால் முதல் வரியிலிருந்து நிறம் தொடங்கும். சர்வரில் ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டாம். பட்டியலில் நான்கு வரி இருந்தாலும் நானூறு இருந்தாலும் அது பார்த்துக்கொள்ளும்.

இந்த வசதி சிஎஸ்எஸ் செலெக்டர்களின் (விதி எதற்கு என்று சுட்டும் பகுதி) மூன்றாம் நிலையில் வந்தது. வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு அதை 2011இல் முறைப்படி அங்கீகரித்தது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8 வரைக்கும் இது புரியாது. அதனால்தான் பழைய புத்தகங்களும் பாடங்களும் சர்வரில் எண்ணி நிறம் போடும் வழியையே சொல்லிக்கொண்டிருக்கின்றன. இன்றைக்கு யார் கையில் இருக்கும் போனிலும் மேலே சொன்ன விதி ஓடும்.

பச்சைப் பட்டைத் தாள் போல மூன்று மூன்று வரியாக வேண்டுமென்றால் அடைப்புக்குள் 6என்+4 என்று ஒரு விதி, 6என்+5, 6என்+6 என்று இன்னும் இரண்டு. 4, 5, 6 வரிகளும், அடுத்து 10, 11, 12உம் நிறம் பெறும். நீளமான, ஒரே மாதிரியான பட்டியலுக்கு இது பார்க்க அமைதியாக இருக்கும்.

மவுஸ் போகிற வரி தனியாகத் தெரிய ஹோவர் விதி ஒன்றும் போடலாம். புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இடறும் இடம் இது. வெறும் டிஆர்:ஹோவர் என்று எழுதினால் வெள்ளை வரிகளில் வேலை செய்யும், நிற வரிகளில் செய்யாது. முதல் விதியில் டிபாடி, டிஆர், என்த்-சைல்ட் என்று மூன்று அங்கம் இருக்கிறது, இதில் இரண்டுதான். எடை கூடிய விதிதான் ஜெயிக்கும். டிபாடி டிஆர்:ஹோவர் என்று முழுசாக எழுதி, நிற விதிக்குக் கீழே வையுங்கள். எடை சமமானால் பின்னால் வருவதற்குத்தான் மதிப்பு.

எல்லாம் சரியாக எழுதியும் நிறமே வரவில்லையா? டிடிக்கு வேறெங்கோ வெள்ளைப் பின்னணி கொடுத்திருப்பீர்கள். கட்டத்தின் நிறம் வரியின் நிறத்துக்கு மேலேதான் விழும், மூடிவிடும். ரெடிமேட் டெம்ப்ளேட் எடுத்து வேலை செய்தால் அநேகமாக இதுதான் காரணம்.

எந்த நிறம்

பவானி ஜமுக்காளத்தில் சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் பட்டைகள் பளீரென்று இருக்கும். தரையில் விரித்தால் அழகு; அதே மாதிரி எழுத்துக்கு அடியில் விரித்தால் படிக்க முடியாது. பட்டியலில் பட்டை இருப்பதே தெரியக்கூடாது, ஆனால் கண் அதைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். அந்த அளவுக்கு வெளிர் நிறம் போதும். நான் மேலே கொடுத்த 255, 248, 225 வெளிர் மஞ்சள். சாம்பல் வேண்டுமென்றால் 245, 245, 245.

எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்று வலை அணுகல் நெறிகள் சொல்கின்றன. கறுப்பு எழுத்தும் வெளிர் பின்னணியும் என்றால் இதைத் தாராளமாகத் தாண்டிவிடும். சிவப்பு எழுத்தை வெளிர் ஆரஞ்சில் போடும்போதுதான் சிக்கல். நிறம் பிரித்தறிவதில் சிரமம் உள்ளவர்களுக்கும் இருட்டு, வெளிச்சம் தெரியும். ஆகவே இரண்டு வெவ்வேறு நிறத்தை மாற்றி மாற்றிப் போடுவதைவிட வெள்ளையும் ஒரே ஒரு வெளிர் நிறமும் மேல்.

பட்டை நிறத்துக்கு வேறு எந்த அர்த்தமும் கொடுக்காதீர்கள். “விலை போகாத லாட் எல்லாம் சிவப்பில் வரட்டும்” என்று மண்டிக்காரர் கேட்பார். அதை நிலை என்ற தனிப் பத்தியில் “விற்கவில்லை” என்று எழுத்தாகவே காட்டுங்கள், வேண்டுமானால் அந்த எழுத்துக்கு நிறம் கொடுங்கள். வரி முழுக்கச் சிவப்படித்தால் பட்டையும் குழம்பும், அர்த்தமும் குழம்பும்.

பட்டை போட்டால் வேகமாகப் படிக்கலாம் என்று எல்லோரும் சொல்கிறோமே, உண்மையா என்று 2008இல் ஜெசிகா எண்டர்ஸ் என்பவர் ஆட்களை வைத்தே சோதித்துப் பார்த்தார். வேகத்திலும் துல்லியத்திலும் நாம் நினைக்கிற அளவுக்குப் பெரிய வித்தியாசம் கிடைக்கவில்லை; ஆனால் எது பிடிக்கிறது என்று கேட்டால் பட்டை போட்ட அட்டவணைக்கு நல்ல ஆதரவு இருந்தது. என் கருத்து, மூன்று பத்தி உள்ள சின்னப் பட்டியலுக்குப் பட்டை வீண் வேலை. எட்டுப் பத்தி, அகலத் திரை என்றால் போடுங்கள். அதோடு எண் பத்திகளை வலப்பக்கம் ஒட்டி வையுங்கள், வரிகளுக்கு நடுவே கொஞ்சம் இடம் விடுங்கள். பாதி வேலை அதிலேயே நடந்துவிடும்.

சர்வரில் எண்ணிப் போடுவது

பட்டியலை மின்னஞ்சலாக அனுப்பும்போது என்த்-சைல்டை நம்ப முடியாது. பல மின்னஞ்சல் செயலிகள் சிஎஸ்எஸ்ஸில் பாதியைக் கத்தரித்துவிடும். அப்போது ஒவ்வொரு வரியிலும் நிறத்தை நாமே எழுதி அனுப்ப வேண்டும். வழி எந்த மொழியிலும் ஒன்றுதான்:

எண்ணி = 0
ஒவ்வொரு வரிக்கும்:
    எண்ணி % 2 == 1 என்றால் வெளிர் மஞ்சள், இல்லையென்றால் வெள்ளை
    வரியை அச்சிடு
    எண்ணி = எண்ணி + 1

சதவீதக் குறி இங்கே மீதியைக் கொடுக்கிறது. 2ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1, வேறெதுவும் வராது. எண்ணி = 0 என்பது லூப்புக்கு (ஒவ்வொரு வரிக்கும் திரும்ப ஓடும் பகுதிக்கு) வெளியே இருக்க வேண்டும். உள்ளே வைத்தால் ஒவ்வொரு சுற்றிலும் 0 ஆகி, எல்லா வரியும் ஒரே நிறமாக நிற்கும்.

இன்னொரு தவறு இதைவிடத் தந்திரமானது. தனியாக ஒரு எண்ணி எதற்கு, லாட் எண் ஏற்கெனவே 1, 2, 3 என்றுதானே போகிறது, அதையே 2ஆல் வகுத்துவிடலாமே என்று தோன்றும். சோதித்துப் பார்க்கும்போது ஒழுங்காக வரும். மண்டியில் ஓடத் தொடங்கியதும் 41ஆம் லாட் ரத்தாகும். ஈரப்பதம் அதிகம், விவசாயி திரும்ப எடுத்துப் போய்விட்டார். இப்போது 40க்கு அடுத்து 42. இரண்டும் இரட்டைப்படை, இரண்டுக்கும் ஒரே நிறம், அந்த இடத்தில் பட்டை ஒட்டிக்கொண்டு நிற்கும். விரலியை மட்டும் வடிகட்டிப் பார்த்தாலோ, விலையின்படி அடுக்கினாலோ பட்டை கண்டபடி சிதறும். டேட்டாபேஸில் இருக்கும் எந்த எண்ணும் திரையில் எத்தனையாவது வரி என்பதைச் சொல்லாது. திரையில் வருவதைத்தான் எண்ண வேண்டும்.

விவசாயி மாறும்போது நிறம் மாறட்டும்

மண்டிப் பட்டியலுக்கு உண்மையில் வேண்டியது இதுதான். இதைப் பெரும்பாலான பாடங்களில் சொல்லித் தருவதில்லை.

கொடுமுடியிலிருந்து வந்த ஒருவர் விரலியில் இரண்டு லாட், கிழங்கில் ஒரு லாட் கொண்டு வந்திருக்கிறார். அடுத்து சிவகிரிக்காரர், ஒரே ஒரு லாட். அதற்கடுத்து அரச்சலூர்க்காரருக்கு நான்கு. ஒன்றுவிட்டு ஒரு வரி நிறம் போட்டால் கொடுமுடிக்காரரின் மூன்று வரியில் நடுவில் உள்ளது மட்டும் மஞ்சளாகும். அவர் தேடுவது “என்னுடையது எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது” என்பதை. அவருடைய மூன்று வரியும் ஒரே நிறத்தில் இருந்து, சிவகிரிக்காரரிடம் போகும்போது நிறம் மாறினால் சொல்லாமலே புரிந்துவிடும்.

முதல் படி, கொயரியில் ஆர்டர் பை டோக்கன், அதற்கடுத்து லாட் எண். ஒரே ஆளுடைய வரிகள் ஒட்டி வந்தால்தான் இது நடக்கும். இரண்டாவது, லூப்பில் முந்தைய வரியின் டோக்கனை நினைவில் வைத்துக்கொள்வது:

முந்தையது = காலி
பட்டை = 0
ஒவ்வொரு வரிக்கும்:
    டோக்கன் முந்தையதிலிருந்து வேறு என்றால்:
        பட்டை = 1 - பட்டை
        முந்தையது = டோக்கன்
    பட்டை 1 என்றால் கிளாஸ் “மஞ்சள்”, இல்லையென்றால் “வெள்ளை”
    வரியை அச்சிடு

1லிருந்து கழிப்பது சின்ன வித்தை. 0 இருந்தால் 1 ஆகும், 1 இருந்தால் 0 ஆகும். கையால் ஓட்டிப் பார்ப்போம். கொடுமுடிக்காரரின் முதல் வரி வரும்போது முந்தையது காலி, ஆகவே வேறுதான். பட்டை 1, மஞ்சள். அவருடைய அடுத்த இரண்டு வரியிலும் டோக்கன் மாறவில்லை, மஞ்சளே தொடரும். சிவகிரிக்காரர் வந்ததும் பட்டை 0, வெள்ளை. அரச்சலூர்க்காரருக்கு மறுபடி 1, நான்கு வரியும் மஞ்சள்.

ஒரு வாரப் பட்டியலை ஒரே பக்கத்தில் காட்டினால் கவனம் வேண்டும். டோக்கன் தினமும் 1லிருந்து தொடங்குகிற மண்டியாக இருந்தால், ஒரே டோக்கன் எண் வேறு வேறு நாளில் வேறு வேறு ஆளுக்குப் போயிருக்கும். டோக்கனை மட்டும் வைத்து அடுக்கினால் அவர்கள் எல்லோரும் ஒரே ஆள் போலக் கலந்துவிடுவார்கள். தேதியையும் சேர்த்து அடுக்குங்கள், தேதியையும் டோக்கனையும் சேர்த்தே ஒப்பிடுங்கள்.

லூப்பில் கிளாஸ் எழுதப் பிடிக்காதவர்களுக்கு இன்னொரு வழி. ஒரு டேபிளுக்குள் எத்தனை டிபாடி வேண்டுமானாலும் இருக்கலாம். ஆள் மாறும்போது பழைய டிபாடியை மூடிவிட்டுப் புதிதாக ஒன்றைத் திறங்கள். அப்புறம் சிஎஸ்எஸ்ஸில் டிபாடி:என்த்-ஆஃப்-டைப்(ஈவன்) என்று விதி. இங்கே என்த்-சைல்ட் போட்டால் டிஹெட்டும் எண்ணிக்கையில் சேர்ந்து கணக்கு ஒன்று தள்ளிப்போகும். என்த்-ஆஃப்-டைப் டிபாடிகளை மட்டும் எண்ணும். முதலில் எழுதிய டிஆர் விதியை மறக்காமல் எடுத்துவிடுங்கள். வரியின் நிறம் டிபாடியின் நிறத்துக்கு மேலே விழும். என்னைக் கேட்டால் இந்த வழிதான் சுத்தம். ஒரு விவசாயி, ஒரு டிபாடி. பிற்பாடு அவருடைய மொத்த எடையை ஒரு வரியாக அடியில் சேர்க்கச் சொன்னாலும் இடம் தயாராக இருக்கிறது.

மைஎஸ்கியூஎல் 8இல் டென்ஸ்_ரேங்க் (ஆள் மாறும்போது மட்டும் எண்ணைக் கூட்டும் ஃபங்ஷன்) வைத்து கொயரியிலேயே ஒற்றையா இரட்டையா என்று வாங்கிவிட முடியும். முடியும் என்பதற்காகச் செய்ய வேண்டியதில்லை. நாளைக்குப் பட்டையே வேண்டாம் என்றால் கொயரியைத் திருத்தப் போக வேண்டியிருக்கும்.

தேடல் பெட்டி வைத்த பிறகு

ஊர்ப் பெயரை அடித்ததும் மற்ற வரிகள் மறைகிற மாதிரி ஜாவாஸ்கிரிப்டில் செய்திருந்தால் பட்டை கெடும். மறைந்த வரியையும் என்த்-சைல்ட் எண்ணத்தான் செய்யும். இதற்கு நான்காம் நிலைச் செலெக்டரில் ஒரு வசதி: டிபாடி டிஆர்:என்த்-சைல்ட்(ஈவன் ஆஃப் :நாட்([ஹிட்டன்])). ஹிட்டன் என்று குறிக்காத வரிகளை மட்டும் எண்ணச் சொல்கிறோம். சஃபாரியில் இது 2015 முதலே உண்டு. குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் 2023இல்தான் வந்தது. பழைய பிரவுசரில் அந்த விதி மொத்தமாகத் தள்ளுபடி ஆகும். நிறம் வராது, பட்டியல் வரும். பரவாயில்லை.

வரிகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் தேடலை சர்வருக்கே அனுப்பிவிடுங்கள். புதிதாக வருகிற வரிகளுக்குப் புதிதாக எண்ணிக்கை, பிரச்சினையே இல்லை. எதுவும் கிடைக்கவில்லை என்றால் வெற்று அட்டவணை காட்டாமல் “இன்று வரத்து இல்லை” என்று ஒரு வரி காட்டுங்கள்.

போனிலும் தாளிலும்

போனில் எட்டுப் பத்தி அடங்காது, பக்கவாட்டில் தள்ளித்தான் பார்க்க வேண்டும். அப்போது லாட் எண் மறையாமல் இருக்க முதல் பத்தியை ஸ்டிக்கி ஆக்குவோம். ஆக்கியதும் ஒரு கூத்து நடக்கும். அந்தக் கட்டத்துக்குப் பின்னணி நிறம் கிடையாது, கண்ணாடி மாதிரி. தள்ளும்போது ஊர்ப் பெயர் லாட் எண்ணுக்கு அடியில் நுழைந்து இரண்டும் மேலுக்கு மேல் தெரியும். அந்தக் கட்டத்துக்கு பேக்கிரவுண்ட்-கலர்: இன்ஹெரிட் என்று கொடுங்கள். வரியின் நிறத்தை அது வாங்கிக்கொள்ளும். வெள்ளை வரிகளுக்கும் வெள்ளை என்று எழுதியே ஆக வேண்டும். எழுதாத வரியிடம் வாங்குவதற்கு நிறம் இல்லை. டிபாடிக்கு நிறம் கொடுக்கும் வழியில் போயிருந்தால் டிஆருக்கும் இன்ஹெரிட் சேர்த்துவிடுங்கள்.

கடைசியாக அச்சு. மண்டியில் சுவரில் ஒட்டத் தாள் கேட்பார்கள். பிரவுசர்கள் மை மிச்சம் பிடிக்கப் பின்னணி நிறத்தை வழக்கமாக விட்டுவிடும். பிரிண்ட்-கலர்-அட்ஜஸ்ட்: எக்ஸாக்ட் என்று சிஎஸ்எஸ்ஸில் எழுதினால் நிறத்தோடு வரும். ஆனால் கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டரில் வெளிர் மஞ்சள் புள்ளி புள்ளியாக விழுந்து எழுத்தின் ஓரத்தைக் கெடுக்கும். நான் மீடியா பிரிண்ட் பகுதியில் (அச்சுக்கு மட்டுமான விதிகள்) நிறத்தை எடுத்துவிட்டு ஒவ்வொரு வரியின் கட்டங்களுக்கும் அடியில் ஒரு மெல்லிய கோடும், ஆள் மாறும் இடத்தில் கொஞ்சம் தடித்த கோடும் போடுவேன். தலைப்பை டிஹெட்டில் வைத்திருப்பதால் பெரும்பாலான பிரவுசர்களில் அது ஒவ்வொரு தாளிலும் மேலே தானே வரும். ஆளுக்கு ஒரு டிபாடி என்ற வழியில் போயிருந்து, டிபாடிக்கு பிரேக்-இன்சைட்: அவாய்ட் என்று சேர்த்துவிட்டால் ஒருவருடைய லாட்டுகள் இரண்டு தாளில் பிரியாமலும் பார்த்துக்கொள்ளும்.